மெர்சிடிஸ்-பென்ஸ் 124 கூபே: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

1987ஆம் ஆண்டு ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1996 வரை தயாரான இந்த இரண்டு கதவு பென்ஸ், அதே காலத்து 124 செடானின் அடித்தளத்தில் உருவானது. சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 85 மி.மீ. குறைத்து 2,715 மி.மீ. ஆக்கினார்கள், மொத்த நீளம் 4,655 மி.மீ. கதவுக் கண்ணாடிக்கும் பின்பக்க ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவே தூண் கிடையாது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை ஓட்டவும் பராமரிக்கவும் ஆசைப்படுகிறவர்கள் இருப்பதற்கு அந்தத் திறந்த பக்கமே போதிய காரணம்.

இந்த வண்டிகளில் பல, பழுதானதால் பாழாகவில்லை. பழுதைத் தவறாகக் கணித்ததால் பாழாயின. ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சினின் மெதுவான ஓட்டம்) சரியில்லை என்றதும் எரிபொருள் பங்கீட்டுக் கருவியை மாற்றுவார்கள். கியர் இடித்து விழுகிறது என்றதும் கியர்பெட்டியை இறக்குவார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. இந்தக் காரின் கனமான உலோகப் பாகங்கள் எளிதில் சாவதில்லை. முதலில் தளர்வது மூன்று: மின் இணைப்புகள், எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கடத்தும் வாக்குவம் குழாய்கள், ரப்பர் பாகங்கள். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். எஞ்சினிலோ கியர்பெட்டியிலோ கைவைப்பது அதன் பிறகு.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். பழைய இன்ஜெக்‌ஷன் முறை கொண்ட எஞ்சின்களில் பெட்ரோல் 5 பாருக்கு மேலான அழுத்தத்தில் நிற்கிறது; அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். கூலன்ட் தொட்டியின் மூடியும் அப்படித்தான். எஞ்சின் ஆறும்வரை அதைத் தொடாதீர்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின்?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே அப்படியில்லை. நான்கு சிலிண்டர் வகைகளும் உண்டு என்றாலும், இங்கே நான் பேசுவது மூன்று ஆறு சிலிண்டர் எஞ்சின்களைப் பற்றி.

300 சிஇ வண்டியில் இருப்பது எம்103: 2,960 சி.சி., சிலிண்டருக்கு 2 வால்வு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருடன் 180 குதிரைத்திறன். பெட்ரோலைச் செலுத்துவது கேஇ-ஜெட்ரானிக். இயந்திர முறையில் அளந்து, மின்முறையில் திருத்தும் ஏற்பாடு. 300 சிஇ-24 வண்டியில் இருப்பது எம்104: அதே 2,960 சி.சி., ஆனால் 24 வால்வு, 220 குதிரைத்திறன், இதிலும் கேஇ வகை இன்ஜெக்‌ஷன்தான். 1992இல் வந்த 320 சிஇ, 1993 முதல் இ320 என்று பெயர் மாறியது. அதில் எம்104 எஞ்சினே 3,199 சி.சி. அளவுக்கு வளர்ந்தது. 220 குதிரைத்திறன்தான், ஆனால் முறுக்குவிசை 310 நியூட்டன் மீட்டர். அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும். இதில் கேஇ கிடையாது. முழு மின்னணுக் கட்டுப்பாடு, உள்ளே வரும் காற்றை அளக்க ஒரு சென்சார், சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதில் மூன்று இரட்டை இக்னிஷன் காயில்கள்.

பெயர்ப்பலகையை நம்பாமல் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 'கேஇ வண்டி' என்று கீழே வரும் இடமெல்லாம் முதல் இரண்டையும், 'இ320' என்னும் இடமெல்லாம் மூன்றாவதையும் குறிக்கும். இன்று எளிதில் கிடைக்கும் பொதுவான 16 முள் பிழைக்குறி வாசிப்பான் இவற்றில் எதிலும் பொருந்தாது. இந்தக் காருக்கு ஒரு மல்டிமீட்டரும் வாக்குவம் கைப்பம்பும் அதைவிடப் பயன்படும்.

குளிரில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் மறுக்கிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். மூன்று காரணங்கள் ஒரே முகத்துடன் வருகின்றன. பிரித்தறிவது கடினமில்லை, வண்டி மறுக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். ஆறியபின் பார்த்தால் மூன்றும் ஒளிந்துகொள்ளும்.

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் காதைக் கொடுங்கள். காரின் அடியில், பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பம்ப் ஒரு நொடி உறுமி அடங்க வேண்டும். ஒலியே இல்லையென்றால் பம்ப் ரிலேயைச் சந்தேகியுங்கள். அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் ஈயப் பற்றுகள் காலப்போக்கில் வெடிக்கின்றன. சூட்டில் விரிசல் அகன்று தொடர்பு அறுகிறது, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் முள்ளைச் சுற்றி மெல்லிய வளையம்போல் விரிசல் தெரியும். மறுபற்று வைத்தால் பல நேரம் போதும். ஆனாலும் நெடும்பயணம் போகிறவர் புதிய ரிலே ஒன்றைக் காரில் வைத்திருப்பது நல்லது.

பம்ப் ஓடுகிறது, ஆனாலும் எஞ்சின் பற்றவில்லை என்றால், ஸ்டார்ட்டர் சுழலும்போது சுழற்சிமானி முள்ளைக் கவனியுங்கள். அது சற்றாவது அசைய வேண்டும். அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சார்மேல் சந்தேகம் விழுகிறது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே, ஃபிளைவீல் பக்கம் செருகியிருக்கும் இந்தச் சிறு பாகம் சூட்டில் சமிக்ஞையை நிறுத்திவிடும். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று அணைந்து, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவது இதன் தனி முத்திரை. கேஇ வண்டியிலும் இ320இலும் இது பொது.

பம்ப் ஓடுகிறது, முள்ளும் அசைகிறது. நீண்ட நேரம் சுழற்றியபின் இருமிக்கொண்டு பற்றி, சில நொடிகளில் சீராகிவிடுகிறது என்றால், அது கேஇ வண்டிக்கே உரிய மூன்றாவது காரணம். எஞ்சினை அணைத்தபிறகும் குழாய்களில் அழுத்தம் தங்கியிருக்க வேண்டும். தங்காவிட்டால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் அடைக்கின்றன. அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துபவை பம்பிலுள்ள ஒருவழி வால்வும், ஃபில்டருக்கு அருகிலிருக்கும் அழுத்தச் சேமிப்பானும். அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சின் ஓடும்போது 5.3 முதல் 5.5 பார் வருகிறதா, அணைத்தபின் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். அணைத்த உடனே சரேலென்று விழுந்தால் இந்த இரண்டில் ஒன்று. இன்ஜெக்டர் சொட்டினாலும் அழுத்தம் குறையும். அது மெதுவாக இறங்கும்.

நிலை தலைகீழாக, குளிரில் மட்டும் தகராறு செய்தால் கூலன்ட் வெப்பச் சென்சாரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம் இருக்க வேண்டும். எஞ்சின் எப்போதும் சூடாக இருப்பதாகச் சென்சார் பொய் சொன்னால், குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் கிடைக்காது.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது; கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது

பிரேக்குக்கும் ஐடிலிங்குக்கும் என்ன உறவு என்று குழம்ப வேண்டாம். கேஇ வண்டியில் இரண்டுக்கும் மின்சாரம் தருவது ஒரே ரிலே. பேட்டரிக்குப் பின்னால், மறைப்புத் தட்டுக்குள், வெள்ளி நிற உலோக உறையுடன் தலையில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் சுமந்து நிற்கும் அதிமின்னழுத்தக் காப்பு ரிலே அது. மெக்கானிக்குகள் 'ஓவிபி ரிலே' என்பார்கள். மின்னழுத்தம் எகிறினால் விலையுயர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் காப்பாற்றுவது அதன் வேலை. அது செத்தால் ஏபிஎஸ் பெட்டியும் கேஇ பெட்டியும் சேர்ந்தே உறங்கிவிடும். எஞ்சின் அப்போதும் ஓடும். கேஇ முறையின் அடிப்படை இயந்திரமுறையானது. ஆனால் ஐடிலிங் 1,500க்கு ஏறும், அல்லது ஊசலாடும், சில நேரம் சிக்னலில் அணையும்.

முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தும் விளக்கு எரிந்தால், உறைக்குள் அதே ஈயப் பற்று விரிசல்தான். இந்தக் காரை வாங்கும் எவருக்கும் நான் சொல்லும் முதல் அறிவுரை, பழைய ஓவிபி ரிலேயை இன்றே மாற்றிவிடுங்கள் என்பது. ஏபிஎஸ் பெட்டி, ஐடில் வால்வு, ஏன் எரிபொருள் பங்கீட்டுக் கருவிகூட இந்த ஒரு ரிலேயின் குற்றத்துக்காகக் காரிலிருந்து கழற்றி எறியப்பட்டிருக்கின்றன.

ஏபிஎஸ் விளக்கு எரியவில்லை, ஐடிலிங் மட்டும் ஆடுகிறது என்றால் எஞ்சின் எங்கோ அளக்கப்படாத காற்றைக் குடிக்கிறது. கேஇ வண்டியில் காற்று அளவிக்கும், காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டிலுக்கும் இடையில் பெரிய ரப்பர் குழல் ஒன்று இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் புதிதுபோல் தெரியும், அடிப்பக்கம் வெடித்திருக்கும். கழற்றிக் கையால் வளைத்துப் பார்க்காமல் அதற்கு நற்சான்று கொடுக்காதீர்கள். அடுத்து ஐடில் வால்வின் இரண்டு குழல்கள், எஞ்சின் மூச்சுக்குழல், இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்கள். ஐடில் வால்வுக்குள் கரி படிந்து அது ஒட்டிக்கொள்வதும் உண்டு. கிளீனர் ஊற்றிக் குலுக்கிக் காயவைத்தால் பெரும்பாலும் உயிர்பெறும்.

இத்தனையும் சரியான பிறகுதான் கலவை விகிதத்தை அளக்க வேண்டும். இடப்பக்க உள்மட்கார்டில் உள்ள வட்டமான பரிசோதனைச் சாக்கெட்டில் ட்யூட்டி சைக்கிள் மீட்டரைச் செருகுங்கள். சூடான எஞ்சினில் அளவு 50 சதவீதத்தைச் சுற்றி ஓயாமல் அசைய வேண்டும். 50இலேயே சிலைபோல் நின்றால் ஆக்சிஜன் சென்சாரின் சமிக்ஞை வரவில்லை. வெகுவாக ஒருபக்கம் சாய்ந்து நின்றால், மின்முறைத் திருத்தம் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அங்கிருந்துதான் பங்கீட்டுக் கருவியின் பக்கத்தில் திருகியிருக்கும் மின்-அழுத்தச் சீராக்கியைப் பற்றி யோசிக்கலாம். காற்றுக் கசிவை வைத்துக்கொண்டே கலவைத் திருகாணியைத் திருப்புவது மிகப் பெரிய தீங்கு. கசிவு பின்னால் சரிசெய்யப்படும் நாளில் கலவை முழுக்கத் தடம் மாறியிருக்கும். அதன் தொடக்க நிலை எது என்று யாருக்கும் தெரியாது.

இ320இல் இதே அறிகுறி வந்தால் காற்றுச் சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கழற்றியதும் எஞ்சின் முன்னைவிட நன்றாக ஓடினால் குற்றவாளி அந்தச் சென்சார். மாற்றம் இல்லையென்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

இ320: காரணமே இல்லாமல் எல்லாம் தடுமாறுகிறது

ஒரு நாள் ஐடிலிங் கெடும், மறுநாள் சரியாகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் எஞ்சின் எழாது. எச்சரிக்கை விளக்கு வந்து வந்து போகும். ஏறத்தாழ 1992இன் கடைசியிலிருந்து 1995 வரை தயாரான எஞ்சின்களில் இந்தப் புகார் வந்தால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் எஞ்சினின் மேல் வயரிங் கட்டைப் பாருங்கள். அந்த ஆண்டுகளில், மட்கிப்போகக்கூடிய பொருளால் வயர்களுக்கு உறை போட்டிருந்தார்கள். எஞ்சின் சூட்டில் அது காய்ந்து, தொட்டாலே உதிர்கிறது. உள்ளே செம்புக் கம்பிகள் அம்மணமாக ஒன்றோடொன்று உரசுகின்றன.

காயில்களுக்கோ காற்றுச் சென்சாருக்கோ போகும் இணைப்பின் அருகில் வெளி உறையை ஒரு விரற்கடை மட்டும் மெதுவாக விலக்குங்கள். உள்ளே வயர் நெகிழ்ச்சியாக, நிறம் தெளிவாக இருந்தால் தப்பித்தீர்கள். பொடியாக உதிர்ந்தால் மேலும் அசைக்காதீர்கள். வயர்கள் தொட்டுக்கொண்டால் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகக்கூடும். இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். உறை முழு நீளத்துக்கும் கெட்டிருக்கிறது. புதிய கட்டு, அல்லது நல்ல வயரில் முழுமையாக மீண்டும் கட்டியது, இந்த இரண்டுதான் வழி. வயரிங் கட்டின்மேல் தயாரிப்புத் தேதி ஒட்டியிருக்கும்; 1996க்குப் பிந்தையதென்றால் முன்னொருவர் மாற்றிவிட்டார் என்று நிம்மதியடையலாம்.

இத்தோடு முடியவில்லை. மின்னணு திராட்டில் பொருத்திய வண்டிகளில் அந்தத் திராட்டிலுக்குள் போகும் வயரும் அதே உறைதான். ஸ்டார்ட்டரிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் வரும் கீழ்க் கட்டையும் பாருங்கள். மேல் கட்டை மட்டும் மாற்றிவிட்டு, தடுமாற்றம் போகவில்லையே என்று காற்றுச் சென்சாரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வரிசையாக வாங்கிக் குவிப்பவர்கள் தவறவிடுவது இந்தத் திராட்டில் வயரைத்தான்.

ஈரமான நாளில் இடறுகிறது

கேஇ வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில் இருக்கிறது. மூடிக்கும் ரோட்டருக்கும் பின்னால் உள்ள காப்புத் தட்டுக்கும் இடையில் ஈரம் புகுந்து உட்காரும். மூன்றையும் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். கரிக்கோடு தெரிந்தால் மாற்றுங்கள். பிளக் வாங்கும்போது ஒரு கவனம்: இந்த எஞ்சின்களில் மின்தடை பிளக் இணைப்பு முனையிலேயே இருக்கிறது, ஆகவே தடையில்லாத சாதாரணச் செம்பு பிளக்தான் பொருந்தும். இடைவெளி 0.8 மி.மீ. விலை கூடிய பிளாட்டினம் பிளக்கைப் போட்டு எஞ்சினைச் சோம்பலாக்குவது வீண் செலவு.

இ320இல் ஒவ்வொரு காயிலும் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொறி தருகிறது: 1-6, 2-5, 3-4. இந்த ஜோடிகளில் ஒன்றின் இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து தவறினால் காயில். ஒன்று மட்டும் தவறினால் பிளக், அல்லது அதன் முனை. 24 வால்வு எஞ்சின்களில் பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்குவதும் வழக்கம். வால்வு மூடியின் கேஸ்கெட்டோடு குழி வளையங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

புகையும் எண்ணெய்க் கசிவும்

நீண்ட நேரம் ஐடிலிங்கில் நின்று கிளம்பும்போதும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் மட்டும் நீலப்புகை வந்து, ஓடும்போது மறைந்தால் வால்வு தண்டுச் சீல்கள். எம்103இல் இது மிகச் சாதாரணம்; எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலேயே மாற்றலாம். சீல் மாற்றியும் புகை திரும்பினால் வால்வு வழிகாட்டிகள் தேய்ந்திருக்கின்றன, அதற்கு ஹெட் இறங்கியாக வேண்டும். தொடர்ந்து ஓடும்போதும் புகைத்தால் சிலிண்டர் அழுத்தம் பாருங்கள்.

வெள்ளைப்புகை என்றதும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கூலன்ட் குறையாமல், கியர் எண்ணெய் குறைந்துகொண்டே போனால், எஞ்சினின் சுமையை வாக்குவம் வழியாகக் கியர்பெட்டிக்கு உணர்த்தும் மாடுலேட்டர் என்ற சிறு டப்பாவில் உள்ள திரை கிழிந்து எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரிக்கிறது. மாடுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் சந்தேகமே இல்லை. ஹெட்டைக் கழற்றும் வேலைக்கும் ஒரு சிறு டப்பாவை மாற்றும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு பார்வையில் இருக்கிறது.

எம்104இல் ஹெட் கேஸ்கெட் கசியும் இடம் ஏறக்குறைய எழுதிவைத்ததுபோல் ஒன்றே: எஞ்சினின் வலப்பக்கப் பின்மூலை. எண்ணெய் வெளிப்பக்கம் வழிந்து கீழே இறங்கும். ஆனால் வால்வு மூடியிலிருந்து வடிவதும் அதே வழியாகத்தான் இறங்கும். எஞ்சினை நன்றாகக் கழுவி, அந்த மூலையில் டால்கம் பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக்கோடு ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான கோட்டிலிருந்து தொடங்குகிறதா, அதற்கும் மேலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. மெல்லிய வெளிக்கசிவு மட்டும் என்றால் எண்ணெய் அளவைக் கண்காணித்துக்கொண்டு பல காலம் ஓட்டலாம். கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அன்றே நிறுத்துங்கள். எஞ்சினின் முன்முகத்தில் கசிந்தால் மேல் டைமிங் மூடியின் சீலைப் பாருங்கள்.

எண்ணெய் அழுத்தமானியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பலர். இதன் முள் 3 பார்வரைதான் காட்டும்; ஓடும்போது அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பது இயல்பு. சூடான ஐடிலிங்கில் 1க்குக் கீழே இறங்கலாம்; தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவு 0.3 பார். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் முள் உடனே எழுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. எஞ்சின் அணைந்திருக்கும்போதே சாவியைத் திருப்பியதும் முள் 3க்குப் போனால் சென்சார் கெட்டிருக்கிறது.

வெப்பமானி முள் ஏறுகிறது

தெர்மோஸ்டாட் 87 டிகிரியில் திறக்கிறது. நெரிசலில் முள் 100ஐத் தாண்டுவதும், அப்போது மின்விசிறி சேர்ந்துகொண்டு அதை இறக்குவதும் இந்தக் காரின் இயல்பு. ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் மட்டும் ஏறினால் காற்றோட்டக் குறை: எஞ்சின் சுழற்றும் விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் பிடிக்கவில்லை. எஞ்சினை அணைத்து, சூட்டோடு விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தாராளமாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. ஏசி போட்டால் முன்பக்க மின்விசிறி மெதுவேகத்தில் ஓட வேண்டும். முழுவேகத்தில் மட்டும் ஓடினால் அதன் மின்தடை எரிந்திருக்கும்.

இதற்கு மாறாக, வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. பழைய ரேடியேட்டரில் இன்னொன்றையும் பாருங்கள்: மேல் ஹோஸ் பொருந்தும் பிளாஸ்டிக் கழுத்து. ஆண்டுகள் ஏற ஏற அது நொறுங்கும் நிலைக்கு வந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி ஒடிந்துவிடும். மயிரிழை விரிசல் கண்டாலும் ரேடியேட்டரை மாற்றுவதுதான் சரி. கூலன்ட் முழுதும் கொட்டி எஞ்சின் கொதித்தால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

கியர் இடித்து விழுகிறது, தாமதிக்கிறது, நழுவுகிறது

பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 722.3 என்ற நான்கு வேகத் தானியங்கிக் கியர்பெட்டி. மென்மையாக மிதித்தால் இது இரண்டாம் கியரில்தான் கிளம்பும். சோம்பலாக இருக்கிறதே என்று புகார் சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

எல்லாக் கியர்களும் அடித்து விழுந்தால் மாடுலேட்டருக்கு வாக்குவம் போகவில்லை. எஞ்சின் முழுச் சுமையில் இருப்பதாகக் கியர்பெட்டி நினைத்துக்கொள்கிறது. வாக்குவம் குழாய்களை இணைக்கும் ரப்பர் முழங்கைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். விரலில் கரிபோல் ஒட்டினால் மாற்றுங்கள். கியர் சீக்கிரமாகவோ தாமதமாகவோ மாறினால், திராட்டிலிலிருந்து வரும் கட்டுப்பாட்டுக் கம்பியின் அளவு தப்பியிருக்கிறது. கியர் மாறும்போது எஞ்சின் ஒரு கணம் பிடியின்றி எழும்பினால் வால்வு பாடியில் உள்ள ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். ரிவர்ஸ் போட்டுச் சில நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால், உள்ளே ரிவர்ஸ் பிஸ்டனின் சீல் கெட்டியாகிவிட்டது. அதற்குக் கியர்பெட்டி வெளியே வந்தாக வேண்டும். இந்த ஓர் அறிகுறிக்குக் குறுக்குவழி இல்லை.

எதற்கும் முன் எண்ணெய். எஞ்சின் ஓட, நெம்புகோல் 'பி'யில் இருக்க, கியர்பெட்டி நன்கு சூடானபின்தான் அளக்க வேண்டும். அளவுகோலின் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.3 லிட்டர், லிட்டர் கணக்கில் ஊற்றிவிடாதீர்கள். எண்ணெய் மாற்றும்போது டார்க் கன்வெர்ட்டரிலும் வடிகால் திருகு இருக்கிறது. எஞ்சினைக் கையால் சுழற்றி அந்தத் திருகைக் கீழே கொண்டுவந்து திறக்க வேண்டும். அதைத் திறக்காமல் தட்டிலிருந்து மட்டும் வடித்தால், பழைய எண்ணெயில் பெரும்பங்கு உள்ளேயே நின்று புதியதையும் கெடுக்கிறது.

அதிர்வும் திசைத் தடுமாற்றமும்

'டி'யில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கி, 'என்' போட்டதும் அடங்கினால் எஞ்சின் மவுண்டுகள் அமர்ந்துவிட்டன. உள்ளே எண்ணெய் நிரப்பிய வகை இது. கசிந்தபின் வெறும் ரப்பர்தான். இரண்டையும் கியர்பெட்டி மவுண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கிளம்பும்போது அடியில் 'தொப்' என்று ஒலித்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் டிஸ்க்குகளில் வெடிப்பு இருக்கிறதா, நடு பேரிங்கின் ரப்பர் தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஸ்டீயரிங் நடுவில் தளர்வாக இருந்தால் உடனே ஸ்டீயரிங் பெட்டியை இறுக்கக் கூடாது. ஐட்லர் ஆர்ம் புஷ், டை ராட் முனைகள், ஸ்டீயரிங் டேம்பர் ஆகியவற்றுக்குப் பின்தான் அது. முன்பக்கக் கீழ் பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். அது பிரிந்தால் சக்கரம் மடங்கிவிடும். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து இணைப்புக் கம்பிகள். வளைவில் பின்புறம் தானாகத் திரும்புவதுபோல் இருந்தால் அவற்றின் புஷ்களும் சப்ஃபிரேம் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றி ஏமாறுவதைவிட ஒரே முறையில் முழுவதும் மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்வதே அந்த இறுக்கமான ஓட்டத்தைத் திருப்பித் தரும்.

கூபேக்கே உரிய தொல்லைகள்

கதவைப் பூட்டியபின் பின்பக்கத்திலிருந்து வாக்குவம் பம்பின் இரைச்சல் சில நொடிகளில் நிற்க வேண்டும். அரை நிமிடத்துக்குமேல் ஓடினால் எங்கோ கசிகிறது. செடானில் இல்லாத ஒரு கிளை கூபேயில் உண்டு: முன்னிருக்கைகளின் சாய்மானம் கதவு மூடியிருக்கும்போது வாக்குவத்தால் பூட்டப்பட்டு, திறந்ததும் விடுபடும். இருக்கையை ஆயிரம் முறை முன்னும் பின்னும் தள்ளியதில் அதன் குழாய் கிழிந்திருக்கும். பூட்டுகளைத் தேடிக் கதவுகளைப் பிரிப்பதற்கு முன் இருக்கையின் அடியில் பாருங்கள்.

கதவை மூடிச் சாவியைத் திருப்பியதும் சீட் பெல்ட்டை முன்னால் நீட்டித்தரும் கரம் பாதியில் நின்றால், உள்ளே பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். கடகட என்று ஒலித்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பல்தான் போயிற்று.

தூண் இல்லாததால் கதவுக் கண்ணாடியும் பின்பக்க ஜன்னல் கண்ணாடியும் ரப்பரின்மேல் நேராகச் சந்திக்க வேண்டும். காற்றிரைச்சலோ மழைநீரோ வந்தால் புது ரப்பருக்கு முன் கண்ணாடியின் உயரத்தையும் சாய்வையும் சரிசெய்யுங்கள். இரண்டுக்கும் தனித்தனித் திருகாணிகள் உண்டு. ரப்பரைக் கிளிசரின் கொண்டு பராமரித்தால் ஆயுள் நீளும்.

ஏசி போட்டாலும் சுடுகாற்றே வருகிறது என்றால் கேஸ் நிரப்பச் சொல்லாதீர்கள். ஹீட்டருக்குச் சுடுநீரை அனுப்பும் மின்வால்வு, மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும்படி அமைந்தது. அதன் உட்பாகத்தின் திரை கிழிந்தாலும் இப்படியே. நான்கு திருகுகளைக் கழற்றி உட்பாகத்தை மட்டும் மாற்றலாம். காற்று முகத்துக்கு வராமல் முன்கண்ணாடிக்கு மட்டும் போனால், டாஷ்போர்டுக்குள் உள்ள வாக்குவம் குப்பிகளில் ஒன்று கிழிந்திருக்கிறது. ஏசியின் குளிரூட்டும் பாகமான எவாப்பொரேட்டரில் கசிவென்று உறுதியானால் டாஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டும்; அப்போது அந்தக் குப்பிகள் அனைத்தையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

ஒற்றை வைப்பர் ஊர்ந்து நகர்ந்தாலோ பாதியில் தயங்கினாலோ மோட்டாரை மாற்ற வேண்டாம். நடுவில் நீண்டு சுருங்கும் அதன் பற்சக்கரப் பெட்டியைத் திறந்து, காய்ந்த கிரீஸை வழித்துப் புதியது வையுங்கள்.

துரு

கீழ்ப்பக்கங்களில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பலகைகள் அழகாக இருக்கும். துருவையும் அவையே மறைக்கும். பலகையைக் கழற்றி, ஜாக்கி வைக்கும் நான்கு புள்ளிகளையும் திருகுமுனையால் குத்திப் பாருங்கள். ரப்பர் மூடியைப் பிடுங்கினால் உள்ளே ஈரமண் கொட்டும் இடம் அது. முன் மட்கார்டுகளின் கீழ்முனை, பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, பேட்டரித் தட்டு ஆகியவை அடுத்து. ஜாக்கிப் புள்ளியில் திருகுமுனை உள்ளே இறங்கினால் அதில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்காதீர்கள். சப்ஃபிரேமின் அடியில் தாங்கிப் பிடித்து, வெட்டி ஒட்டும் வேலையை முதலில் முடியுங்கள். கழற்றிய பலகையைத் திரும்ப மாட்டும்போது உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் புதியவை போடுங்கள், உட்பக்கத்தில் மெழுகு தெளியுங்கள், வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒருமுறை கம்பி விட்டுப் பாருங்கள்.